களரியில் நாற்பது கடந்த சொல்லிசை: மட்டக்களப்புக் கலைஞர் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

நேர்வு

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் ஒலிபெருக்கி வாடகைக் கடை நடத்திவரும் 44 வயதுச் சொல்லிசைக் கலைஞர் ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. போர்நிறுத்தம் நிலவிய 2003ஆம் ஆண்டில் பள்ளித் தோழர் ஒருவருடன் சேர்ந்து ராப், அதாவது சொல்லிசை, பாடத் தொடங்கிய அவர், 2004 முதல் 2007 வரை பதினொரு பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அவற்றுள் ஒன்று தனியார் பண்பலைகளில் ஒலித்து, பேருந்துகளிலும் கலியாண வீடுகளிலும் தேயத் தேயப் போடப்பட்டது. 2007இல் கிழக்கில் போர் உக்கிரமடைந்ததும் மேடைகள் நின்றுபோயின. அடுத்த ஆண்டு தோழர் லண்டனுக்குப் போனார். இவர் கட்டார் சென்று ஐந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்பினார். இருவருக்கும் தாளமும் இசையும் அமைத்துக் கொடுத்த மூன்றாமவர் ஊரிலேயே இருந்து 2019இல் நோயுற்று இறந்தார். கலைஞரின் விருப்பப்படி பெயரும், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களும் இங்கே தவிர்க்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

2024இல் மூன்று விடயங்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. பெயர்பெற்ற அந்தப் பாடலை யாரோ ஒருவர் வேகங்கூட்டி, மேலே புதிய தாளமொன்றையும் ஏற்றி யூடியூபில் விட்டிருந்தார். அதற்கு விளம்பர வருமானமும் வந்துகொண்டிருந்தது. கலைஞர் தம்மிடமிருந்த இறுவட்டிலிருந்து மூலப் பாடலை எடுத்துத் தமது அலைவரிசையில் ஏற்றியபோது, அது வேறொருவருக்கு உரித்தானது என்ற அறிவித்தல் அவருக்கே வந்து சேர்ந்தது. அதன் பின்னர், கோயில் திருவிழாவையொட்டிய இசை நிகழ்ச்சியில் அதே பாடலைப் பாட மேடையேறியவர், இரண்டாம் பத்தியின் நடுவில் மூச்சு முட்டி நின்றார். பின்னணியில் ஓடிய பழைய பதிவின் குரலோ நிற்காமல் தன்பாட்டில் பாடிக்கொண்டு போயிற்று. முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் படம்பிடித்தார்கள். அன்றிரவே அது டிக்டொக்கில் சுற்றத் தொடங்கியது. மூன்றாவதாக, கல்முனைப் பக்கத்து இளம் பாடகர் ஒருவர், 2006இல் வெளிவந்த இன்னொரு பாடலைத் தாம் மீளப் பாட விரும்புவதாகக் கூறி அனுமதி கேட்டு வந்தார். அந்தப் பாடலில் அயற்சமூகத்தைச் சீண்டும் நான்கு வரிகள் இருந்ததைக் கலைஞர் மறந்தே போயிருந்தார். அனுமதி கேட்டவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்.

இணையத்திலுள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடையோடு இருந்துவிடுவது என்பதே கலைஞர் எடுத்த முதல் முடிவு. அந்த முடிவைத் தள்ளிப்போடும்படி அவரது மனைவி கேட்டுக்கொண்டதன் பேரில்தான் இந்த எழுத்தாளர் இதற்குள் வந்தார்.

முதுமை புதிதாகிய கலை

கலைஞரின் மனத்தில் ஆழப் பதிந்திருந்த ஒரு நம்பிக்கை, ராப் இளையோருக்கான கலை, வயது வந்ததும் விலகிவிடுவதே மரியாதை என்பதாகும். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ராப் பிறந்த ஹிப்ஹொப் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் டீஜே கூல் ஹேர்க் விருந்தொன்றில் இசைத்தட்டுச் சுழற்றிய 1973 ஆகஸ்ட் 11. அதாவது, இந்தக் கலைக்குள் இளைஞராகப் புகுந்து, அதற்குள்ளேயே நரைத்த முதல் தலைமுறை இப்போதுதான் நம் கண்முன்னே நிற்கிறது. அவர்களுக்கு முன்னே போய்ப் பாதை காட்டியவர் எவருமில்லை. அமெரிக்க ராப் கலைஞர் ஜேய்-சீ 2003இல் தமது கடைசித் தொகுப்பு என்று அறிவித்து ஒன்றை வெளியிட்டபோது அவருக்கு வயது 33 மட்டுமே. முப்பத்துமூன்று வயதில் ஒருவர் பிரியாவிடை சொல்வதை அன்று பெரும்பாலோர் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றே ஆண்டுகளில் அவர் திரும்பி வந்தார். அந்த வருகையை விட நமக்குப் பயன்படுவது, 2017இல் தமது 47ஆவது வயதில் வெளியிட்ட ‘4:44’ என்ற தொகுப்பு. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 36 நிமிடங்கள், முழுவதற்கும் ஒரே இசையமைப்பாளர். மனைவிக்குச் செய்த துரோகம், தாயின் வாழ்க்கை, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்து ஆகியவையே பேசுபொருள். அவர் வேகத்தைக் குறைத்தார் என்பது உண்மைதான். ஆனால் முதன்மையான மாற்றம் பாட்டுக்குள் பேசும் ‘நான்’ என்பவனின் வயதில் நடந்தது. 24 வயதுக்காரனின் வீறாப்பை 47 வயதுக் குரலில் பாட முயல்பவர், குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேடத்துக்குள் இறுகிப்போகிறார்.

இன்னொரு அமெரிக்க ராப் கலைஞரான நாஸ் எடுத்த வழி வேறு. 20 வயதில், 1994இல், அவர் வெளியிட்ட முதல் தொகுப்பான ‘இல்மாட்டிக்’ இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அத்தகைய முதற்படைப்பு ஒரு சுமையும்கூட. அதற்குப் பின்னர் எதைச் செய்தாலும் அதனோடுதான் ஒப்பிடுவார்கள். 2020க்கும் 2023க்கும் இடையில், தம்மைவிடப் பதினான்கு வயது இளையவரான ஹிட்-போய் என்ற ஒரே இசையமைப்பாளருடன் அமர்ந்து ஆறு தொகுப்புகளை அவர் வெளியிட்டார். அவற்றுள் முதலாவது, 2021இல் அவருக்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. மூத்தவர் இளையவரிடம் சென்றார் என்பதைவிட, ஒருவரோடு தொடர்ந்து வேலை செய்தார் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது என்று நான் நினைக்கிறேன். நாளொரு இசையமைப்பாளரைத் தேடி, அந்தந்த ஆண்டின் மோஸ்தரைப் பிடிக்க ஓடிய மூத்தவர்கள் பலர் இளையவர்களாகவும் ஆகவில்லை, மூத்தவர்களாகவும் நிலைக்கவில்லை.

அமெரிக்க ராப் கலைஞர் அன்ட்ரே 3000 மூன்றாவது வகை. 48 வயதில், தம்மிடம் ராப்பாகச் சொல்வதற்கு இப்போது எதுவுமில்லை என்று வெளிப்படையாகக் கூறிவிட்டு, 2023 நவம்பரில் ராப் ஒரு வரிகூட இல்லாத புல்லாங்குழல் தொகுப்பொன்றை வெளியிட்டார். அதைக் கேட்டதும் நமது கலைஞர் மிகவும் ஆறுதலடைந்தார். விலகுவதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது என்றே எண்ணினார். அந்த எடுத்துக்காட்டை நான் அவ்வாறு ஏற்கவில்லை. அன்ட்ரே இசையை விட்டு விலகவில்லை. தமக்குள் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்த்து அதன் பக்கம் போனார். கலைஞருக்குள் உயிரோடு இருந்தது சொல்தான். கடையில் கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில்கூட அவர் எதுகை அடுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தமிழ் ராப்புக்கு வயது இன்னும் குறைவு. மலேசியாவின் யோகி பி தம் குழுவினருடன் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டது 2006இல். கிழக்கிலங்கையில் நமது கலைஞர் போன்றோர் கணினி முன் குந்தியதும் ஏறத்தாழ அதே காலம். ஆகவே, தமிழில் ராப் பாடிய முதல் அலை இப்போதுதான் நாற்பதுகளையும் ஐம்பதுகளையும் தொடுகிறது. இந்த வினா இனி வீடு வீடாக வரும்.

அண்ணாவியாருக்கு இருக்கும் இடம்

மட்டக்களப்பில் இதைப் பேசும்போது கூத்தைத் தவிர்க்க முடியாது. அதை ஓர் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கலைஞரின் தாய்வழிப் பாட்டனார், மட்டக்களப்புக் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடியில் ஆடியவர். சிறுவயதில், கூத்தாடும் அரங்கான களரியின் ஓரத்தில் விடிய விடியக் கிடந்து கேட்ட பழக்கம் கலைஞருக்கு உண்டு. கூத்தில், ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் கொடுத்தல் என்ற நிகழ்விலேயே குரலும் உடம்பும் பார்க்கப்படுகின்றன. ஒல்லியான பையனுக்கு ஒரு வேடம், கரப்புடுப்பு என்னும் கூத்துடையின் பாரத்தைத் தாங்கும் தோளுடையவனுக்கு இன்னொரு வேடம். ஆண்டுகள் செல்லச் செல்ல வேடம் மாறும். ஆடிய கால் தளர்ந்தவர் பிற்பாட்டுக்கு வருவார்; சல்லாரி என்ற கைத்தாளம் பிடிப்பார்; கொப்பியைப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பார்; கூத்தின் நுணுக்கமெல்லாம் கைவந்தவர் மத்தளத்துடன் களரியின் நடுவில், கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியாராக நிற்பார். ஆட்டம் குறையக் குறைய அதிகாரம் கூடும் ஒழுங்கு அது. பேராதனையில் 1965இல் மேடையேறிய ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய பேராசிரியர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பில் இளைய தலைமுறையினரை ஆடவைத்து அதே கூத்தை நெறியாள்கை செய்தார். அதை எவரும் அவரது வீழ்ச்சி என்று சொல்லவில்லை.

ராப்பில் இப்படியொரு படிவரிசை கிடையாது. ஒலிவாங்கி ஒருவர் கையில். பேசப்படுவது அவரது சொந்த ‘நான்’. தாம் எழுதாத வரியைப் பாடினால் இழுக்கு. ஆகையால், வயதாகும் ராப் கலைஞர் தாம் இறங்கி நிற்பதற்கான படியைத் தாமே கட்டவேண்டியிருக்கிறது. இந்த நேர்வில் நாங்கள் செய்த எல்லாமே அந்தப் படியைக் கட்டும் வேலைதான். அதில் பாதி மேடையில் நடந்தது. மறுபாதி, கலைஞர் சற்றும் எதிர்பாராதவாறு, கடதாசியில் நடந்தது.

வன்தட்டு

இறந்துபோன இசையமைப்பாளரின் கணினி அவரது தாயாரிடம் இருந்தது. அல்லது, கணினியின் மிச்சம் இருந்தது. திரையையும் பெட்டியையும் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். வன்தட்டை மட்டும் தாயார் கழற்றுவித்துச் சேலைத் துண்டொன்றில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார். கலைஞர் கேட்டுப் போனபோது அவர் அதை உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. “அவன் போன பிறகு இத ஒருத்தருக்கும் குடுக்கல்ல மனே. என்ன செய்யப் போற எண்டு சொல்லு, மறுகா தாறன்” என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான விடை கலைஞரிடம் அன்று இருக்கவில்லை. இந்த ஆய்வில் உரிமை பற்றி எழுப்பப்பட்ட முதற் கேள்வியும் மிகச் சரியான கேள்வியும் அந்த அம்மாவினுடையதே.

அது 40 ஜிகாபைட் கொள்ளளவுடைய, இன்றைய கணினிகள் ஏற்காத அகன்ற பட்டி வயரில் இணைக்கும் பழைய வகைத் தட்டு. மாற்றி இணைக்கும் கருவி ஒன்றின் வழியாக, தட்டில் எதையும் எழுதாமல், முதலில் முழுத் தட்டினதும் நகல் எடுக்கப்பட்டது. பதினொரு பாடல்களில் ஏழின் மூலக் கோப்புகள் எஃப்.எல். ஸ்டூடியோ மென்பொருளில் முழுமையாகத் திறந்தன. இரண்டு திறந்தாலும், அன்று பயன்பட்ட துணைமென்பொருள்கள் இன்று கிடைக்காததால் சில வாத்திய ஒலிகள் இல்லாமல் வெறுமையாக நின்றன. எஞ்சிய இரண்டும் அழிந்துவிட்டன. அவற்றுக்கு இறுவட்டுப் பதிவு மட்டுமே மிச்சம்.

திறந்த கோப்புகள் ஒரு புதிரையும் தீர்த்தன. மேடையில் மூச்சு முட்டிய அந்த இரண்டாம் பத்தி, 2005இல் ஒரே மூச்சில் பாடப்பட்டதே அல்ல. அது இரண்டு தடங்களில் வரி வரியாகப் பதியப்பட்டு, ஒரு வரியின் கடைசிச் சொல்லின் மேல் அடுத்த வரியின் முதற்சொல் ஏறி உட்காரும்படி ஒட்டப்பட்டிருந்தது. இடையில் மூச்செடுக்க அரை நொடிகூட இல்லை. அப்படியென்றால் அன்றைய மேடைகளில் எப்படிப் பாடினார்கள்? லண்டனிலுள்ள தோழரிடம் கேட்டபோது அவர் சிரித்தார்: ஒரு வரி விட்டு ஒரு வரியைத் தாம் எடுத்ததாகச் சொன்னார். இருவருக்கான பத்தியை ஒருவர் பாடினால் இருபத்துநான்கு வயதிலும் மூச்சு முட்டத்தான் செய்யும். தமக்கு வயதாகிவிட்டது என்று கலைஞர் ஓராண்டு காலமாகச் சுமந்த வெட்கத்தில் பாதி, ஆள் குறைவால் வந்தது.

இதன் பிறகு மேடைக்கான தீர்வு தானாகத் திறந்தது. கூத்தில் ஆடுபவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும்போதுதான் ஆடுபவருக்கு மூச்சு கிடைக்கிறது. அதே முறையில், மட்டக்களப்பின் கல்லடியிலிருந்து ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் அழைக்கப்பட்டு, பழைய தோழரின் வரிகள் அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நிமிடத்துக்கு 98 அடியாக இருந்த தாளம் 88க்கு இறக்கப்பட்டது. குரல் பதிந்த பின்னணித் தடம் மேடையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. இனித் தவறினால் தவறுவது தெரியட்டும் என்று கலைஞரே கூறினார். ஒலிபெருக்கிக் கடைக்காரர் ஒருவர் அதைச் சொல்வதில் தனிக் கனம் உண்டு. எத்தனை பாடகர்கள் பதிவுக் குரலுக்கு வாயசைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பழைய வரி, புதிய வரி

பாட்டின் ‘நான்’ வயதேறவேண்டும் என்பதைச் சொல்வது எளிது. 2005இன் வீறாப்பு இப்படி இருந்தது:

மைக்கு எண்ட கையில, பாலம் எண்ட பையில
கல்லடியத் தாண்டி வாற காத்தும் எண்ட கொடையில

அன்று கல்லடியில் ஒரே பாலந்தான் இருந்தது; புதிய பாலம் திறக்கப்பட்டது 2013இல். கலைஞர் முதலில் எழுதிய புதிய வரிகள் பிரமாதமான அறிவுரையாக இருந்தன. இளைஞரே கேளுங்கள் என்று தொடங்கின. நான் அவற்றை விரும்பவில்லை, அவரது மகளும் விரும்பவில்லை. மூத்த ராப் கலைஞர்கள் விழுகின்ற குழிகளில் ஆழமானது இதுதான்: வீறாப்பை விட்டதும் பிரசங்கத்துக்குத் தாவிவிடுவது. கடைசியில் நிலைத்தவை இவை:

பாலம் இப்ப ரெண்டு, எண்ட முழங்காலும் ரெண்டு
ஏறுறத்துக்கு முன்ன கொஞ்சம் யோசிக்கிறன் நிண்டு

பழைய வரியின் ஓசையும் பாலமும் அப்படியே இருக்க, பேசுபவன் மட்டும் முதிர்ந்திருக்கிறான். மேடையில் அவர் முதலில் பழைய வரியைப் பாடி, உடனே இதைப் பாடுகிறார். பழைய பாட்டைக் கேட்க வந்தவருக்கு அதுவும் கிடைக்கிறது. பாட்டின் இன்னொரு பத்தியில் சீனி வருத்தம் வருகிறது, கட்டார் வெயில் வருகிறது, மாதாந்தக் கிளினிக் கொப்பி வருகிறது. எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்ற அமெரிக்க ராப் குழுவின் ஃபைஃப் டோக் 2016 மார்ச்சில் நீரிழிவின் சிக்கல்களால் 45 வயதில் இறந்தபோது, அவர் பாடிப் பதிந்திருந்த பகுதிகள் கைவசம் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் குழுவின் இறுதித் தொகுப்பு அவரது குரலுடன் வெளிவந்தது. அதைக் கேட்ட பின்னரே கலைஞர் தமது பதிவுகளைத் தள்ளிப்போடுவதை நிறுத்தினார் என்பதையும் குறித்துவைக்கலாம்.

கடதாசி

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவானவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதியவேண்டியதில்லை. அது ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பலர் சேர்ந்து படைத்ததில் யாருடைய பகுதி எது என்று பிரித்தறிந்து தனித்துப் பயன்படுத்த முடிந்தால், அந்தந்தப் பகுதி அவரவருக்கு உரியது. உரிமையைக் கைமாற்றுவதானால் எழுத்தில், கையொப்பத்துடன் செய்யவேண்டும். இந்த மூவருக்கிடையில் ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. நண்பர்களுக்குள் கடதாசி கேட்பது அந்தக் காலத்தில் அவமரியாதை.

ஆகவே, தமக்கே முழுவதும் உரியதென்று கலைஞர் எண்ணியிருந்த பாடலில் அவருக்குச் சொந்தமாக இருந்தது, சொற்களில் ஒரு பாதியும் தமது குரலும் மட்டுமே. மற்றப் பாதிச் சொற்கள் தோழருடையவை. இசை, மணமாகாமல் இறந்த இசையமைப்பாளரின் உரித்தாளரான தாயாருக்குச் செல்லவேண்டியது. அதற்கும் மேலாக, தாளத்தின் அடியில் திரும்பத் திரும்ப வரும் வயலின் துணுக்கு 1980களின் திரைப்பாடலொன்றிலிருந்து கேட்காமல் எடுக்கப்பட்டது. ஒலி நாடாவிலும் இறுவட்டிலும் கைகளுக்குள் சுற்றிய காலத்தில் அது எவர் கண்ணிலும் படவில்லை. இன்று எந்தத் தளத்தில் ஏற்றினாலும் இயந்திரமே அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதே முள்ளில் பெரிய அளவில் மாட்டிக்கொண்டவர்கள் டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவினர். 1989இல் வெளிவந்த அவர்களது முதல் தொகுப்பு பிறர் பதிவுகளின் துணுக்குகளால் நெய்யப்பட்டது. எண்ணிம (டிஜிட்டல்) வெளியீட்டுக்கு அந்தத் துணுக்குகளுக்குப் பெற்ற அனுமதிகள் போதாமலிருந்ததாலும், நிறுவனத்துடனான இழுபறியாலும், அவர்களது முதற்காலத் தொகுப்புகள் இசையோடை (ஸ்ட்ரீமிங்) தளங்களில் நெடுங்காலம் இல்லாமலே இருந்தன. ஒரு தலைமுறை அவர்களைக் கேளாமலே வளர்ந்தது. உரிமை கைமாறி, துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்டு, 2023 மார்ச் 3ஆம் திகதி அவை வெளிவந்தன. குழுவின் மூவரில் ஒருவரான ட்ருகோய், அதற்கு மூன்று வாரங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன்னர், பெப்ரவரி 12இல் இறந்துபோனார். இந்தக் கதையைச் சொன்னபோது கலைஞர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே லண்டனுக்கு அழைப்பெடுத்தார்.

இதன் மறுபக்கத்தில் முன்யோசனைக்காரர்களும் உண்டு. ஜேய்-சீ 2004இல் டெஃப் ஜாம் இசை வெளியீட்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோதே, தமது மூலப் பதிவுகளின் உரிமை ஒரு காலவரையறைக்குப் பின் தம்மிடம் திரும்பவேண்டும் என்று பேசி முடித்துக்கொண்டார். பீஸ்டி போய்ஸ் என்ற அமெரிக்க ராப் குழுவின் அடம் யோக் 2012இல் 47 வயதில் புற்றுநோயால் இறந்தபோது விட்டுச்சென்ற மரணசாசனம், தமது பெயரையும் உருவத்தையும் இசையையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று கூறியது. மொன்ஸ்டர் பான நிறுவனம் அந்தக் குழுவின் பாடல்களை அனுமதியின்றி விளம்பரக் காணொளியில் சேர்த்த வழக்கில், 2014இல் நடுவர் குழு 17 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கியது. தமிழில், 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலில் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோரில் யார் யாருக்கு எந்தப் பங்கு என்பது குறித்து நடந்த பொது விவாதம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். புகழ் வந்த பிறகு பங்கைப் பேசத் தொடங்கினால், உண்மை சொல்பவரும் பேராசைக்காரராகத் தெரிகிறார்.

மட்டக்களப்புச் சட்டத்தரணி ஒருவர் தமிழில் எழுதிக் கொடுத்த மூன்று பக்க உடன்படிக்கையில் இசைக்குப் பாதி, சொற்களுக்குப் பாதி, சொற்களின் பாதியில் தோழர்கள் இருவருக்கும் சமபங்கு என்று முடிவாயிற்று. தாயார் கையெழுத்து வைப்பதற்கு முன், வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். தனக்கு வரும் பணம் பெரிதாக இராது என்று கலைஞர் விளக்கியபோது, மகனின் பெயர் எங்கே வரும் என்று மட்டும் கேட்டார். எந்தத் தளத்தில் ஏற்றினாலும் இசையமைப்பாளர் பெயர் இடம்பெறவேண்டும் என்ற வாசகம் அவ்வாறுதான் நான்காம் பந்தியாகச் சேர்ந்தது.

வயலின் துணுக்கு நீக்கப்பட்டு, பாடல் புதிய இசையில் மீளப் பதியப்பட்டது. என் காதுக்கு அது பழையதற்கு ஈடாகவில்லை. அந்த வயலினில்தான் பாட்டின் ஏக்கம் இருந்தது. ஆயினும் விற்பதற்கும் ஏற்றுவதற்கும் உரிய வடிவம் அதுதான். பழைய வடிவம் ஆவணத்தில் மட்டும் இருக்கிறது. தனித்தனித் தடங்களாகப் பிரிக்கப்பட்ட எல்லாப் பதிவுகளும் 24 பிட் வேவ் கோப்புகளாக, கலைஞர் வீட்டிலும் தாயார் வீட்டிலும் லண்டனிலும் உள்ளன. வரிகளை எழுதிய சீ.ஆர். கொப்பிகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் அட்டையில் 2005 என்ற ஆண்டும் மூவரின் பெயர்களும் இருந்தமை, யூடியூபில் வந்த உரிமைக் கோரலை எதிர்ப்பதற்கு இறுவட்டின் உறையோடு சேர்ந்து ஆதாரமாயிற்று. கோரல் விலக்கப்பட்டது. வேகங்கூட்டி ஏற்றியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த, பாடலை நேசிக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் என்று பின்னர் தெரியவந்தது. கலைஞர் அதை நீக்கச் சொல்லவில்லை. பெயர்களைச் சேர்க்கவும், வயலின் எவருடையதோ என்றபடியால் விளம்பரத்தை நிறுத்தவும் மட்டும் கேட்டார். பையன் இரண்டையும் செய்தான்.

நான்கு வரிகள்

எஞ்சியது 2006ஆம் ஆண்டுப் பாடல். கலைஞர் அதை அடியோடு அழிக்க விரும்பினார். நான் எதிர்த்தேன். போர்க்காலத்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இரண்டு சமூகங்களும் எவ்வளவு கசந்திருந்தன என்பதற்கு அந்த நான்கு வரிகளும் சான்று. இருபத்தைந்து வயதில் ஒருவர் கைதட்டலுக்காக எதைப் பாடினார் என்பதையும் அவரது வரலாறு தாங்கவேண்டும். தமது பழைய பாடலொன்றை எழுத்தில் பார்த்தபோது கூசியதாக ஜேய்-சீ 2010இல் கூறினார். பீஸ்டி போய்ஸ் 1994இலேயே பெண்களை இழிவுபடுத்தும் போக்குக்கு எதிராகப் பாட்டிலேயே குரல் கொடுத்தார்கள். இருவரும் பழையதை மறைக்கவில்லை. ஆயினும் அமெரிக்காவில் கூச்சத்தோடு முடிகிற விடயம், பக்கத்துப் பக்கத்து ஊர்களாக வாழும் இங்கே அவ்வளவில் முடியாமலும் போகலாம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பாடல் மறுவெளியீடு பெறாது, மேடையில் பாடப்படாது, ஆவணத்தில் திகதியுடனும் கலைஞரின் குறிப்புடனும் இருக்கும் என்பதே முடிவு.

அந்தக் குறிப்பை எழுத அவர் பட்ட பாடு, புதிய பாட்டுக்குப் பட்டதைவிட அதிகம். எழுதியதைக் கல்முனை இளைஞரிடம் காட்டியபோது அவர் வாசித்துவிட்டு, “நாலு வரிக்கு நாப்பது வரி மன்னிப்பா அண்ணன்? ரெண்டு வரி போதும்” என்றார். இரண்டு வரியாகக் குறுக்கப்பட்டது. அந்த இளைஞர் அதன் பின்னரும் அந்தப் பாடலைப் பாடவில்லை. பாடுவதற்கு வேறொரு பாடலைக் கேட்டு வாங்கினார். காரணம் சொல்லவுமில்லை, எவரும் கேட்கவுமில்லை.

தற்போதைய நிலை

2025இல் கலைஞர் மூன்று மேடைகளில் பாடினார். புதிய அமைப்பில் அவர் பெரும்பாலும் பின்னால் நிற்கிறார். தாளப் பெட்டியை இயக்குகிறார். இளையவர்கள் தடுமாறும்போது அடியெடுத்துக் கொடுக்கிறார். தமது பத்தி வரும்போது முன்னே வருகிறார். பணமென்று சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஓடைத் தளங்களிலிருந்து வந்த முதற்தொகையில் தாயாரின் பங்கு ஒரு கலியாணத்துக்கு மொய் எழுதக் காணாது. அதை அவர் வங்கியிலிருந்து எடுக்கவும் இல்லை.

கடைசியாக நடந்த ஒன்று. கல்லடி இளைஞர், கலைஞருடன் சேர்ந்து எழுதிய புதிய பாடலின் ஒலிப்பதிவுக்கு வந்ததும், பங்கீட்டுத் தாள் எங்கே என்று கேட்டார். “முதல்ல பாடு மனே, மறுகா பார்ப்பம்” என்றார் கலைஞர். இளைஞர் ஒலிவாங்கியிலிருந்து விலகி நாற்காலியில் போய் அமர்ந்துகொண்டார். கலைஞருக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. தாள் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிட்ட பிறகே பதிவு தொடங்கியது. இளைஞர் எழுதிய எட்டு வரிகளுக்குச் சொற்பங்கில் மூன்றிலொன்று.